ரூபிகான் ஜீப்பின் லாக்கர்களுக்குத் தனி ஸ்விட்ச் பொருத்தும் முறை

2007 முதல் 2018 வரை வெளிவந்த ஜேகே வரிசை ஜீப் ராங்ளரின் ரூபிகான் வகையில், முன் அச்சு, பின் அச்சு இரண்டிலும் மின்காந்தச் சுருளால் இயங்கும் லாக்கர்கள், அதாவது ஓர் அச்சின் இரு சக்கரங்களையும் ஒன்றாகவே சுழலவைக்கும் பூட்டுகள், தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டிருக்கும். முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பகிரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் 4 லோவில் (நான்கு சக்கர இழுவையின் மெதுவான கியர்) இருக்க, வண்டியும் மெதுவாக நகரும்போதுதான் கணினி அவற்றைப் பூட்ட இசையும். பின் லாக்கர் பூட்டிய பிறகே முன் லாக்கருக்கு முறை வரும். பாறைப் பாதைக்கு இது சரியான ஏற்பாடு. ஆனால் வேகத்தை விடாமல் 4 ஹையில் (நான்கு சக்கர இழுவையின் வேகமான கியர்) ஏறவேண்டிய மணல்மேட்டில், பின் லாக்கர் மிகவும் தேவைப்படும் நேரத்தில், அது கிடைக்காது. தனி ஸ்விட்ச் தேவைப்படுவது இதற்காகத்தான்.

தொழிற்சாலை வயரை வெட்டி ஒரு ஸ்விட்சோடு இணைத்துவிடுவது எளிது, ஆனால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்படிச் செய்தால் நாம் கொடுக்கும் மின்சாரம் கணினிக்குள் பின்வழியாகப் புகக்கூடும். மூல வசதியும் போய்விடும். ஸ்விட்ச் அணைந்திருக்கும்போது வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இயங்க வேண்டும். ஸ்விட்சைப் போட்டால் மட்டும் சுருள் கணினியிலிருந்து முற்றிலும் விலகி நம் மின்சுற்றுக்கு வர வேண்டும். இதற்கு ஓர் அச்சுக்கு இரண்டு வீதம், 87ஏ முனையுள்ள ஐந்து முனை ரிலேக்கள் போதும். ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்: 85, 86ஆம் முனைகளுக்கு மின்சாரம் இல்லாதபோது 30ஆம் முனை 87ஏவோடும், கொடுத்தால் 87ஓடும் சேரும்.

வயரைத் தொடுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். அச்சுக்குச் செல்லும் இணைப்பியில் சுருளின் வயர்களோடு, பூட்டியதா இல்லையா என்று கணினிக்குச் சொல்லும் உணரியின் வயர்களும் இருக்கும். வயரின் நிறத்தை நம்பாமல், உங்கள் வண்டியின் ஆண்டுக்குரிய வரைபடத்தோடு ஒப்பிட்டு, மின்தடையை அளந்து சுருளின் இரு வயர்களை உறுதிசெய்யுங்கள். உணரியின் வயர்களில் கை வைக்கவே கூடாது. அடுத்து, 4 லோவில் மூல ஸ்விட்சாலேயே பூட்டிவிட்டு, சுருளுக்கு வரும் மின்னழுத்தத்தைச் சில நிமிடங்கள் கவனியுங்கள். அது பேட்டரியின் மின்னழுத்தத்திலேயே நிலைத்து நின்றால் நேரடி இணைப்பு பொருந்தும். பூட்டிய பிறகு குறைந்தால், கணினி சுருளைச் சூடேறாமல் காக்கிறது என்று பொருள். அந்த நிலையில் முழு மின்னழுத்தத்தைத் தொடர்ந்து கொடுத்தால் சுருள் கருகிவிடும் என்பதால், நேரடி இணைப்பைக் கைவிட்டு அந்த வண்டிக்கென விற்கப்படும் கட்டுப்பாட்டுக் கருவியை வாங்குவதே சரி.

ஃபியூஸையும் அளவீடே தீர்மானிக்கும். எடுத்துக்காட்டாக, தடை 3 ஓம் என்றால் 14 வோல்ட்டில் 5 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகப் பாயும், அதற்கு 7.5 ஆம்பியர் ஃபியூஸும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரும் தாராளம். ஃபியூஸ் பேட்டரிக்கு அருகிலேயே இருக்க வேண்டும்.

முதல் ரிலேயின் 30ஆம் முனையில் சுருளின் நேர் வயரையும், 87ஏவில் தொழிற்சாலையிலிருந்து வரும் நேர் வயரையும், 87இல் ஃபியூஸ் வழியாக வரும் பேட்டரி வயரையும் இணையுங்கள். இரண்டாவது ரிலேயில் இதே வரிசையில் சுருளின் எதிர் வயர், தொழிற்சாலையின் எதிர் வயர், சேசிஸ் எர்த் ஆகியவை வரும். இரு ரிலேக்களின் 85ஆம் முனைகளும் எர்த்துக்கு. 86ஆம் முனைகள் ஒன்றாகச் சேர்ந்து ஸ்விட்சுக்கு. சுருளில் மின்சாரம் அறுபடும் கணத்தில் எழும் மின்துள்ளல் ரிலேயின் தொடுமுனைகளை அரிக்கும் என்பதால், இரண்டு 30ஆம் முனைகளுக்கும் குறுக்கே மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் 1என்4007 டயோடு ஒன்றை, அதன் பட்டைக்கோடு நேர் பக்கம் பார்க்குமாறு வையுங்கள். திருப்பி வைத்தால் ஸ்விட்சைப் போட்டதும் ஃபியூஸ் போய்விடும்.

ஸ்விட்சுகளுக்கான மின்சாரத்தைச் சாவி திறந்தால் மட்டும் உயிர்பெறும் ஃபியூஸிலிருந்து எடுங்கள். முன் லாக்கரின் ஸ்விட்சுக்குப் பின் லாக்கர் ஸ்விட்சின் வெளிவழியிலிருந்தே மின்சாரம் கொடுத்தால், பின்னால் பூட்டாமல் முன்னால் பூட்ட முடியாது. முன்னச்சைத் தனியே பூட்ட விரும்புவோரும் உண்டு. ஆனால் முன்னச்சு பூட்டியிருக்கும்போது ஸ்டீயரிங் திரும்ப மறுக்கும் என்பதால், இந்தத் தடையை நான் எடுக்கமாட்டேன். கை தவறிப் பட்டாலும் இயங்கிவிடாதபடி, மூடியுள்ள ஸ்விட்சுகளே நல்லது.

இணைப்புகளைச் சட்டகத்தின் பக்கம் வையுங்கள். அச்சின் பக்கம் வைத்தால் சேறும் அதிர்வும் அவற்றை விரைவில் கெடுத்துவிடும். சக்கரம் முழுதும் கீழே தொங்கும் நிலையிலும் வயர் இழுபடாத அளவுக்குத் தளர்வு விடுங்கள். கிரிம்ப் செய்து, பசையுள்ள சுருங்குகுழாய் போட்டு, நெளிகுழாய்க்குள் செலுத்துங்கள்.

சோதிக்கும்போது அச்சைத் தாங்கிகளில் நிறுத்தி, டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் வைத்து, ஒரு சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். பூட்டியிருந்தால் மறுசக்கரமும் அதே திசையில் கூடவே சுழலும். ஸ்விட்சைப் போட்டவுடன் பூட்டாமல், சக்கரம் சிறிது திரும்பிய பிறகு பற்கள் பொருந்திப் பூட்டுவது இயல்பே. கணினி கேட்காமலே லாக்கர் பூட்டுவதால் டேஷ்போர்டு விளக்கு மின்னலாம், பிழைக் குறியீடும் பதிவாகலாம்.

4 ஹையில் பூட்டும்போது, வண்டி சறுக்காமல் காக்கும் ஈஎஸ்பி விழித்திருக்கும். அது தனித்தனிச் சக்கரங்களுக்குப் பிரேக் கொடுத்து லாக்கரோடு மல்லுக்கட்டும் என்பதால், முதலில் அதன் பொத்தானை அழுத்தி அணையுங்கள். கெட்டியான தார்ச்சாலையில் பூட்டிக்கொண்டு திரும்பினால் ஆக்சில் ஷாஃப்ட் முறியக்கூடும். இனி அதைத் தடுக்கக் கணினி வராது. முதல் மணல் பயணம் முடிந்ததும் ரிலேக்களின் அடிப்பகுதியையும் எர்த் போல்ட்டையும் தொட்டுப் பாருங்கள்; ஏதேனும் சுடுமானால் அந்த இணைப்பை மறுபடி செய்த பிறகே வண்டியை எடுங்கள்.