ஈம் கிராமத்துக்குக் குடிவருகிறீர்களா?

முதலில் ஊர்ப் பெயர். Eyam என்ற ஆங்கில எழுத்தைப் பார்த்து 'ஏயம்' என்று படித்துவிடாதீர்கள். 'ஈம்' என்றால்தான் பஸ் டிரைவருக்குப் புரியும். இங்கிலாந்தின் டெர்பிஷயரில், பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் சின்ன ஊர். ஷெஃபீல்டில் வேலை கிடைத்து, அமைதியான இடமாக வீடு தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பெட்டியைப் பிரிக்கும் முன் ஊருக்குள் ஒரு நடை போய் வாருங்கள். தேவாலயத்தை ஒட்டிய பழைய வீடுகளின் முன்னால் பலகைகள் இருக்கும். அந்தந்த வீட்டில் பிளேக்கில் இறந்தவர்களின் பெயர்கள் அவை. 1665இல் லண்டனிலிருந்து ஒரு தையற்காரருக்கு வந்த துணிப்பொதியோடு நோய் வந்தது என்கிறார்கள். அடுத்த கோடையில் பாதிரியார் வில்லியம் மாம்பெசனும் அவருக்கு முன்பு அங்கே இருந்த தாமஸ் ஸ்டான்லியும் ஊராரிடம் பேசினார்கள். பக்கத்து ஊர்களுக்கு நோய் போகக்கூடாது, அதனால் யாரும் எல்லையைத் தாண்டுவதில்லை என்று முடிவானது. சுமார் 260 பேர் இறந்தார்கள். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டு நாளுக்குள் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தானே புதைத்தார். அந்தக் கல்லறைகள் ஊருக்கு வெளியே வயலில் இன்னும் இருக்கின்றன.

பக்கத்து ஊரான ஸ்டோனி மிடில்டன் போகும் ஒற்றையடிப் பாதையில் எல்லைக்கல்லைப் பார்க்கலாம். பிளேக் காலத்தில், காசில் நோய் ஒட்டாமல் இருக்க, ஊரார் அதன் குழிகளில் வினிகர் ஊற்றிக் காசு போட்டு வைப்பார்கள். வெளியூர்க்காரர்கள் உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துப் போவார்கள். குழிகளின் விளிம்பு தேய்ந்து வழவழவென்று இருக்கும். விரல் வைத்துப் பாருங்கள்.

சரி, அன்றாடத் தேவைகள். தொடக்கப் பள்ளி ஊரிலேயே இருக்கிறது. உயர்நிலைப் பள்ளிக்குப் பிள்ளைகள் ஹோப் என்ற ஊருக்குப் போக வேண்டும். ரயிலுக்கு கிரிண்டில்ஃபோர்ட் நிலையம். ஷெஃபீல்டும் மான்செஸ்டரும் ஒரே பாதையில். மாலைக்கு மேல் பஸ் குறைவு, கார் இருந்தால் நல்லது. கறிவேப்பிலை, இட்லி அரிசிக்கெல்லாம் ஷெஃபீல்டுதான். முகவரி கிடைத்த வாரமே ஜிபியிடம், அதாவது குடும்ப மருத்துவரிடம், பதிந்துவிடுங்கள். சொந்த வீடு வாங்கினால், ஜன்னலை மாற்றும் முன்கூட அனுமதி தேவையா என்று பூங்கா நிர்வாகத்திடம் கேளுங்கள்.

கடையில் யாராவது 'மீ டக்' என்றால் திகைக்க வேண்டாம். நாம் 'கண்ணு' என்போமே, அதுதான்.

அப்புறம், ஆகஸ்ட் கடைசியில் கிணறு அலங்காரம். ஈரக் களிமண் பூசிய பலகையில் பூவிதழ்களைப் பதித்துப் படம் செய்து கிணற்றருகே வைப்பார்கள். கோலம் போட்டுப் பழகிய கை என்றால், போய் நின்று கேளுங்கள், ஒரு மூலையாவது தருவார்கள்.