வெஸ்ட்வ்லெட்டரன் 12 தேடுபவர்களுக்கு

பெல்ஜியம் போகிறவர்கள் வெஸ்ட்வ்லெட்டரன் 12 என்ற பீருக்காக பிரஸ்ஸல்ஸ் கடைகளில் காசைக் கொட்ட வேண்டாம், அங்கே வெளியாட்கள் வாங்கி மறுவிற்பனை செய்வதுதான் அதிகம், விலையும் கொள்ளை. துறவிகள் காய்ச்சும் சிண்ட் சிக்ஸ்டஸ் மடத்துக்கே போய்விடுங்கள், எதிரே இன் டெ வ்ரெடெ என்ற கஃபேயில் உட்கார்ந்து நிதானமாகக் குடிக்கலாம் (10.2 சதவீதம் ஆல்கஹால், அதனால் வண்டி ஓட்டுபவர் தொட வேண்டாம்). விடுமுறை நாளை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டிலின் மஞ்சள் மூடிதான் அடையாளம்.

கிடைக்கவில்லையா? சரி, பக்கத்து ஊர் வாட்டூவில் உள்ள செயின்ட் பெர்னார்டஸ் ஆலையின் ஆப்ட் 12 பீரை வாங்குங்கள். 1992 வரை மடத்தின் உரிமத்தோடு வெஸ்ட்வ்லெட்டரனைக் காய்ச்சியது அவர்கள்தான், எனக்கு ருசியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, எளிதாகவும் கிடைக்கும். அப்புறம், 33 சென்டிலிட்டர் பாட்டில் ஆறு என்றால் 1.98 லிட்டர், இந்திய சுங்கத்தின் 2 லிட்டர் வரம்புக்குள் அடங்கிவிடும். செக்-இன் பெட்டியில் துணிக்கு நடுவே சுற்றி வையுங்கள்.