கண்மாய்த் தக்கையை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்: கடற்கரைத் தூண்டில், முதல் நாள் செய்முறை

மதுரைப் பக்கத்துக் கண்மாய்களில் தூண்டில் போட்டவர்களுக்குக் கண் எப்போதும் தக்கை மேல்தான். கடற்கரையில் அந்தப் பழக்கம் உதவாது. தக்கையை அலை கரைக்கே கொண்டுவந்து போட்டுவிடும். இங்கே ஈயம் தரையில் உட்கார வேண்டும், மீன் கடிப்பதை விரல் நுனி சொல்ல வேண்டும்.

எந்தக் கடல்? ராமேஸ்வரம் பக்கம் பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும், மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் என்ற தென்மேற்குக் காற்றில் ஆண் கடல் கொந்தளிக்கும். அப்போது தேவிபட்டினம் பக்கம் பெண் கடலுக்குப் போங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை வாடை வீசும்போது அப்படியே தலைகீழ். தனுஷ்கோடியில் இரண்டும் அருகருகே கிடைக்கும், ஆனால் மாலையில் கிளம்பச் சொல்லிவிடுவார்கள். அரிச்சல்முனையில் நீரோட்டம் பொல்லாதது, தண்ணீரில் இறங்கவே வேண்டாம்.

கட்டுவது. 9 அல்லது 10 அடி ராடு, 4000 அளவு ரீல், 0.35 மி.மீ. நரம்பு (தூண்டில் நூல்). நரம்பில் முதலில் துளையுள்ள ஈயக்குண்டு, அடுத்து ஒரு பாசிமணி, பிறகு சுவிவல் (சுழலும் இணைப்பு வளையம்). மணி இல்லாவிட்டால் ஈயம் முடிச்சில் மோதி மோதி நரம்பை அறுத்துவிடும். சுவிவலுக்குக் கீழே 0.30 மி.மீ. நரம்பு அரை மீட்டர், நுனியில் தூண்டில் முள். கீழ் நரம்பு மெலிதாக இருந்தால், கல்லில் மாட்டும்போது அது மட்டும் அறுந்துபோகும், ஈயம் மிஞ்சும். அமைதியான தண்ணீருக்கு 30 கிராம் ஈயம் போதும். அலைக்கு 60 முதல் 80 வேண்டும்.

முள் நம்பரில்தான் எல்லோரும் குழம்புவார்கள். 8ஆம் நம்பர் முள் 4ஆம் நம்பரை விடச் சின்னது. 1/0 என்று எழுதியிருந்தால் அது இரண்டையும் விடப் பெரியது. கிழங்கான் மீனுக்கு 8, பாறை மீனுக்கு 1/0.

முடிச்சுக்கு நரம்பை 5 சுற்று சுற்றி, வளையத்தில் நுழைத்து, எச்சில் தொட்டு இறுக்குங்கள். உலர்ந்து இறுக்கினால் சூட்டில் நரம்பு பலமிழக்கும்.

இரை. தோலுரித்த இறால், விரல் நுனி அளவு. மெல்லிய எலாஸ்டிக் நூலால் 7, 8 சுற்று சுற்றுங்கள். இல்லையென்றால் வீசும்போதே இரை தனியாகப் பறந்துவிடும். முள் நுனி வெளியே தெரிய வேண்டும்.

வீசுவது. தூரம் முக்கியமில்லை. அலை உடைந்து வெளுக்கும் மணல் திட்டுக்கும் கரைக்கும் நடுவே கொஞ்சம் கருத்த பள்ளம் தெரியும். மீன் மேய்வது அங்கேதான். புதியவர்கள் பலம் காட்டி அதைத் தாண்டி வீசிவிடுகிறார்கள். முன்னால் வீசும் அவசரத்தில் பின்னால் ஆள் நிற்பதைப் பார்க்காமல் விடாதீர்கள். ஈயம் விழுந்ததும் தொய்வைச் சுற்றி எடுத்து, நரம்பில் விரலை வையுங்கள். 10 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள், நண்டு இரையைத் தின்று வெறும் முள்ளை விட்டிருக்கும்.

கிழங்கான் படபடவென்று தட்டும். சும்மா சுற்றினால் போதும். பெரிய மீன் மாட்டினால் அலை உள்ளே வரும்போது இழுங்கள், அலை பின்வாங்கும்போது நரம்பை விட்டுக்கொடுங்கள். நரம்பு அறுவது பெரும்பாலும் கரைக்கு நாலடி முன்னால், பின்வாங்கும் அலையோடு மல்லுக்கட்டும்போதுதான்.

கை வைக்கும் முன். கடல் கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று விஷ முட்கள். ஓரா மீனின் துடுப்பு முட்களும் விஷம். துணியால் பிடியுங்கள், குறடு வைத்துத் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில் அரைமணி நேரமாவது கையை முக்கி வைத்து, பிறகு மருத்துவரிடம் போங்கள். வயிறு உப்பும் பேத்தை மீன் மாட்டினால் கடலிலேயே விடுங்கள், குழம்புக்கு ஆகாது. சமைத்தாலும் அதன் விஷம் போகாது.

மதுரை திரும்ப மூன்று மணி நேரமாவது ஆகும். குடலை எடுத்து, மீன் எடைக்குச் சமமாக ஐஸ் போட்டு தெர்மாகோல் பெட்டியில் மூடுங்கள். ரீலை அன்றிரவே நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள். பைப்பை வேகமாகத் திறந்து பீய்ச்சினால் உப்பு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.