பிளம்மர் லில்லியைத் தேடிப் போகிறவர்களுக்கு

தென் கலிபோர்னியாவில் பாப்பிப் பூவுக்கு வரும் கூட்டம் ஏப்ரலோடு கலைந்துவிடும். பிளம்மர் மாரிபோசா லில்லி என்ற காட்டுப் பூ பூப்பது அதற்குப் பிறகு, மே முதல் ஜூலை வரை. புல்லெல்லாம் காய்ந்து சருகாகியிருக்கும். சாண்டா மோனிகா, சான் கேப்ரியல் மலைகளில் சப்பரல் என்னும் வறண்ட புதர்க்காட்டின் இடைவெளியில், கல்லும் சரளையுமான சரிவுகளைப் பாருங்கள். எனக்கு ராசியானது ஜூன் முதல் வாரம்.

இலையைத் தேடாதீர்கள், பூக்குமுன்பே அது வாடிவிடும். ஒல்லிக் காம்பின் மேல் இளஞ்சிவப்புக் கிண்ணம் தெரிந்தால் உள்ளே எட்டிப் பாருங்கள். மஞ்சள் கம்பளி நூலைப் பிய்த்து ஒட்டியதுபோல இதழின் உட்புறத்தில் நீள நீளமாக அடர்ந்த முடி இருந்தால் அதுதான். ஸ்ப்ளெண்டென்ஸ் என்ற இன்னொரு மாரிபோசாவும் வெளிர்சிவப்பாகப் பூக்கும்; அதில் முடி அங்கொன்றும் இங்கொன்றும்தான். முதல் வருஷம் நான் ஏமாந்தது அதில்தான்.

படம் எடுக்கும்போது பின்னால் நகராதீர்கள். முழுப் பூவும் வரட்டும் என்று இரண்டடி பின்வாங்கி, மூன்று மொட்டுக் காம்புகளை முறித்தவன் சொல்கிறேன். வெங்காயம் போன்ற குமிழ் மண்ணுக்குள் பிழைத்திருக்கும், ஆனால் அந்த வருஷ விதை போயிற்று. உட்புறம் ஒரு படம், பக்கவாட்டில் ஒன்று, சரிவோடு சேர்த்து ஒன்று போதும்.

கலிபோர்னியாவின் சொந்தத் தாவரங்களுக்கான அமைப்பான கலிபோர்னியா நேட்டிவ் பிளாண்ட் சொசைட்டி இதற்குக் கொடுத்திருக்கும் தரம் 4.2. 4 என்றால் பரவல் குறைவு, கண்காணிப்புப் பட்டியலில் இருக்கிறது. புள்ளிக்குப் பின் வரும் 2, ஆபத்து நடுத்தரம் என்கிறது. அழியும் இனங்களுக்கான சட்டப் பட்டியலில் இது இல்லை. அதற்காகக் கை வைக்கலாம் என்று அர்த்தமில்லை: பொது நிலத்தில் அனுமதியில்லாமல் செடியைப் பறிப்பது மாநிலக் குற்றவியல் சட்டம் 384ஏ பிரிவின்படி குற்றம். (இந்த லில்லியின் பெயருக்குரிய சாரா பிளம்மர் லெம்மன்தான் 1903-ல் பாப்பி மாநில மலராவதற்கும் பாடுபட்டவர்.)

செடி, விலங்குகளைக் கண்ட இடத்தோடு பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதியும்போது, பறிக்க வருபவர்களுக்குத் தெரியாமலிருக்க, இடத்தை மறைக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். சுமார் 20 கிலோமீட்டர் கட்டமாக மட்டும் காட்டும். வாட்ஸாப் குழுக்களில் மேப் லிங்க் போடவே வேண்டாம்.

பூக்காம்புகளை எண்ணி எழுதுங்கள். ஒன்றும் இல்லையென்றால் பூஜ்யம் என்றும் எழுதுங்கள். மழை பொய்த்தால் குமிழ் பூக்காமலே இருந்துவிடும். ஒரே சரிவில் இரண்டு வருஷம் பூஜ்யம் எழுதினேன். மூன்றாம் வருஷம் 17.