இலையின் இடது பாதி மிச்சமாகிறதா? பக்கவாதத்துக்குப் பின் வீட்டில் கவனிக்க வேண்டியவை

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பெரியவர், இலையின் வலது பாதியை மட்டும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "பொரியல் வைக்கவில்லையா கண்ணு?" என்று கேட்டால், எதிர்த்துப் பேசாமல் இலையை அரைவட்டமாகத் திருப்பி வையுங்கள். பொரியல் வலப்பக்கம் வந்துவிடும், சாப்பிட்டுவிடுவார்.

கோபி, சத்தியமங்கலம் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி கொடுத்துவருகிறேன். "மாமாவுக்கு வீம்பு, நான் வைத்ததைத் தொடவே மாட்டேன் என்கிறார்" என்று மருமகள் கண்கலங்குவதைப் பார்த்தால் எனக்கு மனம் கேட்காது. இது வீம்பே இல்லை. மூளையின் வலது பாதி அடிபடும்போது வருகிற கவனக் குறைபாடு. இடது மூளை பெரும்பாலும் வலப்பக்கத்தைத்தான் கவனிக்கிறது, வலது மூளையோ இரு பக்கத்தையும் கவனிக்கிறது என்பது நரம்பியலில் பெரிதும் சொல்லப்படும் விளக்கம். அதனால் வலது மூளை அடிபட்டால் இடப்பக்கத்தைக் கவனிக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

சந்தேகம் இருந்தால் ஒரு தாளில் நீளமாகக் கோடு போட்டு, நடுவில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். வலப்பக்கம் தள்ளி வைப்பார். கடிகாரம் வரையச் சொன்னால் எண்களையெல்லாம் வலது பாதியிலேயே நெருக்குவார். அந்தத் தாளை டாக்டரிடம் காட்டுங்கள். பார்வையிலேயே ஒரு பாதி போயிருக்கவும் வாய்ப்புண்டு; அதையும் சோதிக்க வேண்டும்.

கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று மட்டும் நம்ப வேண்டாம். 1978-இல் பிசியாக், லுட்சாட்டி என்ற இத்தாலிய ஆய்வாளர்கள், மிலான் பேராலயச் சதுக்கத்தை மனத்தில் நினைத்துச் சொல்லும்படி இத்தகைய நோயாளிகளிடம் கேட்டார்கள். பேராலயத்தைப் பார்த்து நிற்பதாக நினைத்தபோது வலப்பக்கக் கட்டடங்களே வந்தன. பேராலய வாசலிலிருந்து எதிரே பார்ப்பதாக நினைக்கச் சொன்னதும், விட்டுப்போன பக்கம் வந்தது. முன்பு சொன்ன பக்கம் மறைந்தது. மஞ்சள் விவசாயி ஒருவரிடம் நானும் இப்படிக் கேட்டேன். வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடமான இட்டேரியில் நின்று தன் வீட்டைப் பார்ப்பதாக நினைத்து, கட்டுத்தரை, தண்ணீர்த் தொட்டி, வைக்கோல் போர் என்று வரிசையாகச் சொன்னார். கிணறு வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்து இட்டேரியைப் பார்ப்பதாக நினைக்கச் சொன்னேன். கிணற்றையும் அதன் மேட்டில் தான் நட்ட தென்னைகளையும் ஆசையாகச் சொன்னார், கட்டுத்தரையைக் காணோம். ஞாபகம் முழுதாகத்தான் இருக்கிறது. நினைவுக்குள் பார்ப்பதற்கும் கவனம் வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. 1988-இல் மார்ஷல், ஹாலிகன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதே குறைபாடுள்ள ஒரு பெண்மணியிடம் இரண்டு வீட்டுப் படங்களைக் காட்டினார்கள். ஒன்றில் இடப்பக்கம் தீ எரிகிறது. இரண்டும் ஒன்றுதான் என்றார் அவர். எந்த வீட்டில் குடியிருப்பீர்கள் என்று கேட்டால், தீ இல்லாத வீட்டையே பெரும்பாலும் காட்டினார். உணராமலே மனம் எதையோ அறிந்துகொள்கிறது. ஆகவே உங்கள் வீட்டு நோயாளியின் பக்கத்தில் நின்றுகொண்டு "இவருக்கு ஒன்றும் தெரியாது" என்று யாரும் பேச வேண்டாம்.

பயிற்சிக்கு வருவோம். தட்டின் இடது விளிம்பில் அகலமான சிவப்புத் துணியோ டேப்போ ஒட்டி, "முதலில் சிவப்பைத் தேடுங்கள் அப்பாரு, பிறகு சாப்பிடலாம்" என்று பேரப்பிள்ளைகளைச் சொல்ல வைக்கலாம். செய்தித்தாள் படிக்கும்போதும் இதே முறைதான். பேசும்போது எதிரில் தொடங்கி, மெதுவாக இடப்பக்கம் நகருங்கள். முகம் உங்களோடு திரும்பட்டும். தண்ணீர்ச் செம்பு, கூப்பிடும் மணி போன்ற அவசரப் பொருள்கள் மட்டும் வலப்பக்கம் இருக்கட்டும்.

சிலர் தம் இடது கையைக் காட்டி, "இது யாருடைய கை?" என்பார்கள். சிலர் கை நன்றாக வேலை செய்வதாகவே சொல்வார்கள். இப்படிக் குறையை உணராத நிலைக்கு 1914-இல் பெயர் வைத்தவர் பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர். வாதாடாதீர்கள். வலது கையால் இடது தோளிலிருந்து விரல்வரை தடவச் சொல்லுங்கள். அசைவு இருந்தால் இடது விரல்களைக் கொஞ்சமாவது அசைக்கச் சொல்லுங்கள். அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது, தோள் நழுவிவிடும். சக்கர நாற்காலியில் மாட்டுகிறதா என்றும் பாருங்கள், அவருக்குத் தெரியாது.

பலருக்கு முதல் சில மாதங்களில் நல்ல முன்னேற்றம் தெரியும். கால் சரியானதும் மொபெட் சாவியைக் கேட்பார். டாக்டர் சோதித்துச் சொல்லும்வரை கொடுக்காதீர்கள். இடப்பக்கத்திலிருந்து வருகிற லாரி அவருக்கு இல்லவே இல்லை.