சொத்து யார் பேர்ல இருக்கணும்? அக்காங்ககிட்ட கேட்கற வழி

சிங்கப்பூர்ல கல்யாணமான அக்காங்ககிட்ட, சொத்து தன் பேர்ல இருக்கணுமா, வீட்டுக்காரர் பேர்லயா, ரெண்டு பேர் பேர்லயுமான்னு விருப்பம் கேட்டு எழுதப் போறவங்களுக்கு இது. முதல்லயே சொல்லிடறேன், "சொத்து தனியா வேணுமா, சேர்ந்து வேணுமா"ன்னு நேரா கேட்டுடாதீங்க. நான் அப்படித்தான் ஆரம்பிச்சேன், ஈசூன்ல புளோக் கீழ உக்காந்து வர்றவங்கள எல்லாம் கேட்டா "எங்களுக்குள்ள என்னம்மா உன்னது என்னது"ன்னு சிரிச்சுட்டு லிஃப்டுக்கு போயிடறாங்க. அது விருப்பம் இல்ல, வெளியாளுக்கு சொல்ற மரியாதை பதில்.

பொருள் பொருளா பிரிங்க. வீடு, நகை, பேங்க் பணம். மசேநி (சம்பளத்துல பிடிக்கற மத்திய சேம நிதி) வேணாம், அது எப்படியும் ஆளுக்கு ஒரு கணக்குதான், சேர்த்து வெச்சுக்க வழியே இல்ல. (கல்யாணம் பண்ணா அதுல முன்னாடி போட்ட நாமினேஷன், அதாவது நாம போயிட்டா பணம் யாருக்குன்னு எழுதி வெச்சது, செல்லாமப் போயிடும், நிறைய பேருக்கு தெரியல, போற போக்குல சொல்லிட்டு வாங்க.)

எனக்கு கைகொடுத்தது கப் விளையாட்டுதான். மூணு பிளாஸ்டிக் கப், இருபது காசு நாணயம் பத்து, ஒவ்வொண்ணும் ஆயிரம் வெள்ளின்னு கணக்கு. ஒரு கப் அவங்க பேர், ஒண்ணு வீட்டுக்காரர் பேர், ஒண்ணு ரெண்டு பேர் பேர்லயும். "4டி லாட்டரில 10,000 வெள்ளி அடிச்சிருக்கு, பிரிச்சு போடுங்க"ன்னு சொல்லணும். அப்புறம் காச திருப்பி எடுத்து அதே 10,000 அம்மா குடுத்ததுன்னு, அடுத்து அவங்க சம்பளத்துல சேர்த்ததுன்னு. ஒரு அக்கா 4டி காசு பத்தையும் ரெண்டு பேர் கப்புல போட்டாங்க, அம்மா பணம்னதும் யோசிக்கவே இல்ல, பத்தும் தன் கப்புக்கு. அந்த நகர்தலைத்தான் எழுதிக்கணும், முதல் பதிலை மட்டும் இல்ல. ஆளுக்கு ஆள் கப் வரிசையையும் மாத்துங்க.

வீடுதான் சிக்கல். "ரெண்டு பேர் பேர்ல"ங்கறதுலயே ரெண்டு வகை இருக்கு. ஜாயின்ட் டெனன்சின்னா ஒருத்தர் போயிட்டா உயில்ல என்ன இருந்தாலும் வீடு இன்னொருத்தருக்கு. டெனன்சி இன் காமன்னா ஆளுக்கு இவ்ளோன்னு பங்கு, அது உயில்படி போகும். இத விளக்காம கேட்டா வர்ற பதில் ஒண்ணுக்கும் ஆகாது.

அடுத்து வரி. சிட்டிசன் ரெண்டாவது வீடு வாங்கினா 2023 ஏப்ரல்லேர்ந்து கூடுதல் முத்திரை வரி 20 சதவீதம், ஆளுக்கு ஒரு வீடு தனித்தனி பேர்லன்னா அது வராது, அதனால காண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) கனவுல இருக்கறவங்க "தனித்தனி பேர்தான்"னு அடிச்சு சொல்வாங்க, அது மனசு பேசறது இல்ல, கால்குலேட்டர் பேசறது. "வரியே இல்லன்னா?"ன்னு இன்னொரு தடவை கேளுங்க. ஊர்லேர்ந்து கல்யாணம் கட்டிட்டு வந்து எல்டிவிபில (நீண்டகால வருகை அனுமதி) இருக்கறவங்க வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக்கு ஓனராவே ஆக முடியாது, குடியிருக்கறவங்கன்னுதான் பேர் வரும், அவங்க பதிலை தனி தாள்ல வைங்க.

காரணமும் கேளுங்க. "பிரிஞ்சா கோர்ட் எப்படியும் பார்த்து பிரிக்கும், பேர்ல என்ன இருக்கு"ன்னு ஒருத்தங்க சொன்னாங்க, கல்யாணம், விவாகரத்து பத்தின சட்டமான மாதர் சாசனத்த கரைச்சு குடிச்சவங்க போல.

பக்கத்துல யார் இருந்தாங்கன்னு கண்டிப்பா குறிங்க. தேக்கா மார்க்கெட்ல ஒரு அக்கா, வீட்டுக்காரர் நிக்கறப்ப எல்லாத்தையும் அவர் கப்புல போட்டாங்க, அவர் மீன் வாங்க நகர்ந்ததும் பேச்சே இல்லாம நாலு காச எடுத்து தன் கப்புல வெச்சுட்டாங்க. ரெண்டையும் எழுதினேன்.

"உன் பேர்ல என்ன இருக்கு?"ன்னு உங்களையே திருப்பி கேட்பாங்க. மறைக்காம சொல்லுங்க, ஆனா கப் எல்லாம் எடுத்து வெச்சப்புறம்.