ஸ்ட்ரெஸ் டெஸ்ட்ல எது பெஸ்ட்னு ஒப்பிடுறப்ப பண்ணக்கூடாத தப்புங்க

ஸ்ட்ரெஸ் டெஸ்ட்னா ஓட வெச்சோ மருந்து குடுத்தோ இதயத்துக்கு வேலை வெச்சு ரத்தக்குழாய் அடைப்பைத் தேடுறது. புதுசா கார்டியாலஜிக்கு வர்றவங்க ஸ்ட்ரெஸ் எக்கோ (அல்ட்ராசவுண்ட்), ஸ்பெக்ட், எம்ஆர்ஐ, பெட் (ஸ்பெக்ட்டும் பெட்டும் கதிரியக்க மருந்து போட்டு எடுக்குற ஸ்கேன்) எல்லாத்தையும் ஒரே டேபிள்ல போட்டு எது ஒசத்தின்னு கேக்குறாங்க. சில்லறை தப்பையெல்லாம் விட்டுடுறேன், பேஷண்டை பாதிக்கிறத மட்டும் சொல்றேன்.

சென்சிடிவிட்டி நம்பரை அப்படியே நம்புறது

இன்னிக்கும் எனக்கு எரிச்சல் வர்ற தப்பு இதுதான். சென்சிடிவிட்டின்னா, அடைப்பு இருக்குறவங்கள்ல எத்தனை சதவீதம் பேரை டெஸ்ட் பிடிக்குதுங்கிறது. ஒரு ஜூனியர் ரெண்டு பேப்பரை கொண்டுவந்து "சார், இதுல சென்சிடிவிட்டி நூறை தொடுது, அப்ப இதானே பெட்டர்"னாரு. நெகட்டிவ் வந்தவங்களுக்கு ஆஞ்சியோ (ரத்தக்குழாய்க்குள்ள டை விட்டு அடைப்பை நேரா பாக்குறது) பண்ணாங்களான்னு கேட்டேன். புரட்டிப் பாத்தா, டாக்டர் அனுப்பினவங்களுக்கு மட்டும்தான் பண்ணிருக்காங்க.

கணக்கு போட்டுப் பாருங்க. 200 பேரு, 100 பேருக்கு அடைப்பு இருக்கு, 100 பேருக்கு இல்ல, டெஸ்ட்டோட சென்சிடிவிட்டியும் ஸ்பெசிஃபிசிட்டியும் (அடைப்பு இல்லாதவங்கள்ல எத்தனை சதவீதம் பேருக்கு சரியா நெகட்டிவ் வருதுங்கிறது) 80ன்னு வெச்சுக்கோங்க. பாசிட்டிவ் வந்த 100 பேரும் ஆஞ்சியோவுக்குப் போறாங்க, நெகட்டிவ் வந்த 100 பேர்ல பத்துக்கு ஒருத்தர்தான் போறாரு, அதாவது அடைப்பு இருக்குறவங்க 2 பேரு, இல்லாதவங்க 8 பேரு. இப்ப ஆஞ்சியோ பண்ணவங்களை மட்டும் எண்ணினா 82ல 80ஐ பிடிச்சிருக்கு, சென்சிடிவிட்டி 98 ஆயிடுச்சு, ஸ்பெசிஃபிசிட்டி 28க்கு 8, வெறும் 29தான். டெஸ்ட் அதேதான், யாரை எண்ணினோம்ங்கிறதுதான் மாறிப்போச்சு. அடைப்போட வீட்டுக்குப் போன 18 பேரு கணக்குலயே வரல! இதுக்கு வெரிஃபிகேஷன் பயாஸ்னு பேரு.

அதனால ரெண்டு டெஸ்ட்டையும் அதே ஆளுங்களுக்குப் பண்ணி, ரிசல்ட் எதுவானாலும் ஆஞ்சியோவும் பண்ண ஸ்டடியா தேடுங்க. 2012ல லான்செட் பத்திரிகைல வந்த சிஇ-மார்க்ங்கிற ஸ்டடி அப்படிப்பட்டது, 752 பேரு, எம்ஆர்ஐக்கு சென்சிடிவிட்டி 86.5, ஸ்பெக்ட்டுக்கு 66.5, ஸ்பெசிஃபிசிட்டி ரெண்டுக்கும் 83 பக்கம். இந்த மாதிரி நம்பரை வெச்சு பேசுங்க, நான் கேக்குறேன்.

ஹார்ட் ரேட் ஏறாத நெகட்டிவ்

ஓட வெச்சு எடுக்குற டெஸ்ட்ல ஹார்ட் ரேட் எட்ட வேண்டிய அளவு, 220ல வயசை கழிச்சு அதுல 85 சதவீதம், 60 வயசுக்காரருக்கு 136. பீட்டா பிளாக்கரை (ஹார்ட் ரேட்டை குறைக்குற மாத்திரை) போட்டுட்டு வந்து 110லயே மூச்சு வாங்கி நின்னுட்டா அது நார்மல் இல்லீங்க, முடிவு தெரியாத டெஸ்ட். அதையும் "நெகட்டிவ்" கட்டத்துல போட்டு ஒப்பிடுறாங்க.

காபி

அடினோசினுக்கு (ஓட வைக்கிறதுக்கு பதிலா குடுக்குற, ரத்தக்குழாயை விரிய வைக்கிற மருந்து) முன்னாடி 12 மணி நேரமாச்சும் கூடாது. டீயும்தான்.

இடது பண்டில் பிளாக்

இதயத்தோட இடது பக்கத்துக்கு மின் சிக்னல் போற பாதை தடைபட்டிருக்குறவங்களை ஓட வெச்சு ஸ்பெக்ட் எடுக்காதீங்க, செப்டம்ல (இதயத்தோட நடுச்சுவர்) இல்லாத குறை தெரியும். அடினோசின் குடுத்து எடுங்க.

வீசிங்

இருக்கும்போது அடினோசின் வேண்டவே வேண்டாம்.

படம் க்ளீனா இருக்குன்னு விட்டுடுறது

ஸ்பெக்ட் இதயத்தோட ஒரு பகுதியை இன்னொரு பகுதியோட ஒப்பிட்டுத்தான் சொல்லும், மூணு குழாய்லயும் ரத்தம் சமமா குறைஞ்சிருந்தா எல்லாம் ஒரே மாதிரி தெரிஞ்சு நார்மல்னு ரிப்போர்ட் வந்துடும். பெட்ல ரத்த ஓட்டத்தை மில்லி கணக்குல அளக்கலாம், அதனால அங்க தப்பிக்கிறது கஷ்டம். பெட் கைவசம் இல்லன்னா ஆளைப் பாருங்க, ஓடும்போது பிரஷர் இறங்குச்சா, ஸ்ட்ரெஸ் படத்துல இடது வென்ட்ரிக்கிள் (இதயத்தோட இடது கீழ் அறை) பெருசா தெரியுதா, அப்படின்னா ரிப்போர்ட்ல நார்மல்னு இருந்தாலும் ஆஞ்சியோவுக்கு அனுப்புங்க.